மூன்றாம் கல்யாணத்துக்கு முன் ஒரு கப்பல்

மே 4

காலை நடை நாற்பது நிமிடம். ரத்த அழுத்தம் 138/84. மூன்று தடவை எடுத்துச் சராசரி போட்டேன்.

மகன் குரு டாலஸிலிருந்து பேசினான். ஜூன் 29 அன்று எனக்கு எழுபது நிறைகிறது. திருக்கடையூரில் பீமரத சாந்திக்கு மண்டபம் பிடித்துவிட்டானாம். சிவாச்சாரியார், சமையல், நாகசுரம் எல்லாம் முடிவாகிவிட்டது. நான் மங்கைக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும். அறுபதில் ஒரு முறை கட்டியாயிற்று. இது மூன்றாவது.

மங்கை கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தது என் தவறு.

“பொண்ணு யாருடா?” என்றாள்.

“என்னம்மா இது? நீதான்.”

“யாரைக் கேட்டு?”

“அம்மா…” என்று இழுத்தான் குரு.

“ஒரே ஆளை எத்தனை தரம்டா கட்டிக்கிறது? சட்டையா இருந்தாக்கூட இந்நேரம் பாத்திரக்காரன்கிட்டப் போட்டிருப்பேன்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகு என் பக்கம் திரும்பினாள். “எண்பத்தொண்ணுல ஏழு பேரோட என்னைப் பொண்ணு பாக்க வந்தீங்க. உங்க பெரியப்பா கேசரியைத் தின்னுட்டு ‘எங்களுக்குச் சம்மதம்’னாரு. எங்கப்பா ‘எங்களுக்கும்’னாரு. நீங்க ஒரு வார்த்தை பேசல. நேரா எந்திரிச்சுப் போயி ஃபேனை அணைச்சிட்டு வந்து உக்காந்தீங்க. சித்திரை மாசம். எனக்கு மூஞ்சியில போட்ட பவுடரெல்லாம் கழுத்துக்கு வந்துடுச்சு. யாராவது என்னைக் கேட்டாங்களா?”

“இல்லை” என்றேன். கேட்கவில்லைதான்.

“இந்தத் தடவை உங்க வாயால நீங்களே கேக்கணும். நான் யோசிச்சுச் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி என்னை ஒரு கப்பல்ல கூட்டிட்டுப் போகணும்.”

ஏன் கப்பல் என்று நான் கேட்கவில்லை. ஃபேனை அணைத்ததற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லும் காலம் போய்விட்டது.

மே 5

குரு என்னிடம் தனியாகப் பேசினான். “பத்திரிகை அடிக்கணும்ப்பா. அம்மா விளையாட்டுக்குத்தானே சொல்றாங்க?” தெரியவில்லை என்றேன். மங்கை எல்லாவற்றையும் விளையாட்டாகத்தான் சொல்வாள். அதில் எது விளையாட்டு இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவரும்.

மே 9

கப்பல் தேர்வு தொடக்கம். மூன்று கப்பல்கள் தேறின. அட்டவணை போட்டேன்: கட்டிய ஆண்டு, உயிர்காப்புப் படகுகளின் எண்ணிக்கை, மருத்துவர் உண்டா, படிக்கட்டின் அகலம் என்று பதினான்கு கட்டங்கள்.

முப்பத்துநான்கு வருடம் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்தவனுக்கு வேறு மாதிரி யோசிக்க வரவில்லை. சர்க்கரை ஆலை, அரிசி ஆலை, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் எல்லா இடத்திலும் கொதிகலனைச் சுத்தியால் தட்டி, காது வைத்துக் கேட்டு, மறுபடி தட்டிய பிறகே கையெழுத்துப் போட்டேன். நான் கையெழுத்துப் போட்ட எதுவும் வெடித்ததில்லை. போடாததும் வெடித்ததில்லை என்பாள் மங்கை.

அட்டவணையைப் பார்த்தாள். “இதுல சந்தோஷம்னு ஒரு கட்டம் இருக்கா?”

பதினைந்தாவதாகச் சேர்த்தேன். என்ன நிரப்புவது என்று தெரியவில்லை. மூன்று கப்பலுக்கும் ‘போதுமானது’ என்று எழுதினேன்.

மே 12

சென்னையில் ஏறி, இலங்கையைத் தொட்டுவிட்டுத் திரும்பும் கப்பல். ஜூன் 2 முதல் 7 வரை. அறையைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தேன்: கீழ்த் தளம், கப்பலின் சரியான நடுப்பகுதி. ஆட்டம் மிகக் குறைவாகத் தெரியும் இடம் அதுதான். படிக்கட்டு முப்பத்தோரு அடி தூரம்.

பயண ஏஜென்ட் பெண் மூன்று தடவை சொன்னாள், “சார், அது உள்பக்க ரூம்.”

உள்ளே இருப்பதுதானே பாதுகாப்பு என்றேன்.

மே 20

‘மங்கை, என்னை…’ என்று குளியலறையில் சொல்லிப் பார்த்தேன், குழாயைத் திறந்துவிட்டுத்தான். வாக்கியம் முடிவதற்குள் வாளி நிரம்பிவிட்டது.

மே 26

மூட்டை கட்டுதல். மங்கை தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். நாகப்பட்டினம் துறைமுகம். எட்டு வயதில் இரட்டைப் பின்னலோடு அவள். பக்கத்தில் அவளுடைய தாய்மாமன் தம்பையா. தொலைவில் நடுக்கடலில் ஒரு கப்பல், எறும்பு அளவு. மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை.

“கல்யாணம் ஆகட்டும், உன்னையும் மாப்பிள்ளையையும் அதுல ஏத்தி அனுப்புறேன்னாரு. கடைசியில என் கல்யாணத்துக்கே அவரை வர விடல.”

கப்பலுக்குக் காரணம் தெரிந்தது. அடுத்து என்ன வரும் என்பதும் தெரிந்தது. வருடத்துக்கு ஒரு முறை இந்தப் பேச்சு வரும். அப்போதெல்லாம் நான் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன்.

தம்பையா மாமா தன் மகனுக்கு மங்கையைக் கேட்டிருக்கிறார். என் மாமனார் கொடுக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. அனுப்பியது தம்பையாதான் என்று மாமனார் முடிவுகட்டி, வாசல்படி மிதிக்கக்கூடாது என்று சொல்லியனுப்பிவிட்டார். தாய்மாமன் மாலை கழுத்தில் விழாமல் மங்கை மணமேடை ஏறினாள். அவள் அப்பா இறந்த பிறகு, டைப் அடித்திருந்த அந்தத் தபால் கார்டு அவருடைய பெட்டியில் கிடைத்தது. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறாள். இன்றும் வாசித்தாள்:

“‘தங்கள் கூடத்து மின்விசிறி எந்த நேரத்திலும் விழக்கூடும். திருமணத்துக்கு முன் தகுந்த நடவடிக்கை எடுக்கத் தவறினால் விளைவுகளுக்குத் தாங்களே பொறுப்பு.’ எவ்வளவு வெஷம் பாருங்க.”

செய்வினை என்று பயந்துபோய் ஒருவரைக் கூட்டி வந்து, எலுமிச்சம்பழம் புதைத்து, அந்த ஃபேனிலேயே ஒரு பூசணிக்காயையும் கட்டித் தொங்கவிட்டார்களாம். பூசணிக்காய் குறைந்தது நான்கு கிலோ இருக்கும். ஃபேன் எப்படி விழாமல் இருந்தது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மங்கை பேசி முடிக்கும்வரை சூட்கேஸ் சக்கரத்தின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன். திருகாணி நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 2

கப்பல் ஏறினோம். பன்னிரண்டு மாடி. அறை எண் 4017. சுத்தமாக இருந்தது. மங்கை நேராகச் சென்று திரைச்சீலையை விலக்கினாள்.

சுவர்.

“கடல் எங்கங்க?”

“மேலே இருக்கு.”

“கடலா மேல இருக்கு?”

“பார்க்கிற இடம் மேலே இருக்கு. இங்கே ஆட்டம் குறைவு, மங்கை.”

“எட்டு வயசுலேருந்து காத்துக்கிட்டிருந்தேங்க, சுவத்தைப் பாக்க.” திரையை மூடிவிட்டாள். பிறகு மறுபடி விலக்கிப் பார்த்தாள், ஒருவேளை மாறியிருக்கலாம் என்பதுபோல.

மாலையில் ஆபத்துக்கால ஒத்திகை. என் வாழ்க்கையின் மிகச் சிறந்த மணி நேரங்களில் ஒன்று. எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, மிதவை அங்கி அணியச் சொல்லி, படகு எங்கே, விசில் எங்கே என்று காட்டினார்கள். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முதல் ஆளாக அணிந்து முடித்தேன். அதிகாரி என்னை முன்னால் நிறுத்தி மற்றவர்களுக்குக் காட்டினார்.

“இந்தச் சிரிப்பு நம்ம கல்யாண போட்டோவுல இல்லையே” என்றாள் மங்கை.

ஜூன் 3

நாள் முழுக்கக் கடல். மங்கை தம்போலா எண் விளையாட்டில் ஜெயித்தாள். நீச்சல்குளத்தில் சுடிதாரோடு இறங்கினாள். மூன்று மணிக்கு நடன வகுப்பு என்று போனவள் ஐந்து மணிக்கு வேர்த்து வழிய வந்து, “இடுப்பு எனக்கும் இருக்குங்க, இவ்வளவு நாள் தெரியல” என்றாள்.

நான் ஐஸ்கிரீம் இயந்திரத்தைக் கண்டுபிடித்தேன். பிடியை இழுத்தால் வருகிறது, விட்டால் நிற்கிறது. வால்வு அருமையான வேலைப்பாடு. சோதிப்பதற்காக நான்கு தடவை எடுத்தேன். சோதித்ததை வீணாக்க முடியாது.

சாப்பாட்டில் எங்களுக்கு 46-ஆம் மேசை. கூட, நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் செல்லமுத்துவும் அவர் மனைவியும்.

“ஏனுங்கண்ணா, முட்டை தின்னுங்க. நம்மூர் முட்டையாத்தானுங்க இருக்கும். கடல்ல வந்தும் பருப்புஞ்சோறா?”

“கொலஸ்ட்ரால்” என்றேன்.

“அதெல்லாம் கரையில பாத்துக்கலாமுங்க.”

மாலை மேல்தளத்தில் மங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்றில் தலைமுடி கலைந்திருந்தது. இதுதான் நேரம் என்று பக்கத்தில் போய், “மங்கை, என்னை…” என்றேன். திரும்பினாள். காத்திருந்தாள்.

“என்னை… கம்பியில் ரொம்பச் சாயாதே” என்றேன்.

அவள் மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போதுதான் கவனித்தேன். 46-ஆம் மேசைக்கு மேலே பெரிய கண்ணாடிச் சரவிளக்கு. அதைத் தாங்கும் போல்ட்டில் காட்டர் பின் இல்லை. சின்னக் கம்பித் துண்டுதான், ஆனால் அது இல்லாவிட்டால் அதிர்வில் போல்ட் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். கப்பலில் அதிர்வு நிற்பதே இல்லை. நேர் கீழே மங்கை ஐந்தாவது குலாப்ஜாமூனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் நாற்காலியை மெல்ல என் பக்கம் இழுத்தேன்.

“என்னங்க, நாலு பேர் முன்னாடி?” என்றாள். செல்லமுத்துவின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜூன் 4

நான் பார்த்தது தப்பாக இருந்தால்? வேறு வகைப் பூட்டு இருந்து, என் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தால்? நேரில் சொன்னால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆகவே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போடாமல், காலை எட்டேகாலுக்கு வரவேற்பறைப் பெட்டியில் போட்டேன்.

பதினொரு மணிக்கு அறிவிப்பு. உணவுக்கூடம் மூடப்பட்டது. ஆயிரம் பேர் பசியோடு நடைவழியில் நின்றார்கள். மிரட்டல் கடிதம் என்று யாரோ சொன்னார்கள். குண்டு என்று இன்னொருவர் திருத்தினார். செல்லமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுப்போட்டானுங்கண்ணா. ஆளு மட்டும் கெடைக்கட்டும், அப்படியே தூக்கிக் கடல்ல வீசிப்போடறேன்.”

“வீசத்தான் வேண்டும்” என்றேன்.

பாதுகாப்பு அதிகாரி, கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவராம், 46-ஆம் மேசைக்காரர்களைத் தனியே அழைத்துக் காகிதத்தைக் காட்டினார். இந்தக் கையெழுத்து யாருக்காவது தெரியுமா? மங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். ‘46-ஆம் மேசை விளக்கு எந்த நேரத்திலும் விழக்கூடும். இரவு உணவுக்கு முன் தகுந்த நடவடிக்கை எடுக்கத் தவறினால் விளைவுகளுக்குத் தாங்களே பொறுப்பு.’ வாசித்து முடித்தும் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். தட்டும்போது ஓர் இடத்தில் மட்டும் ஒலி மாறினால் நான் கொதிகலனைப் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

“இந்த வாசகம் எங்க வீட்டுல இருக்கு” என்றாள் தமிழில்.

அதிகாரிக்குப் புரியவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

“நான்தான் எழுதினேன். வைத்தியலிங்கம், ஓய்வுபெற்ற பாய்லர் இன்ஸ்பெக்டர், திருச்சி” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஏணி வைத்துப் பார்த்தார்கள். பின் இல்லை. போல்ட் பாதி நழுவியிருந்தது. அதிகாரி என் கையைக் குலுக்கினார். கேப்டனின் நன்றியாக ஒன்பதாம் தளத்தில், கடல் பார்த்த பால்கனி அறை ஒன்றைக் கொடுத்தார். இனிமேல் கையெழுத்துப் போடும்படி கேட்டுக்கொண்டார்.

4017 வாசல்வரை மங்கை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அந்த ஃபேன்?”

“அதிலும் பின் இல்லை. நீ அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தே.”

“அதான் அணைச்சீங்களா?”

“ஆமா.”

“வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“பொண்ணு பாக்க வந்த வீட்டுல ஃபேன் சரியில்லைன்னு எப்படிச் சொல்றது?”

“அதனால கார்டு போட்டீங்க.”

“ஆமா.”

“கல்யாணத்துக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?”

“அதுக்குள்ள மாமாவை ஒதுக்கிட்டாங்க. அப்புறம் சொன்னா நீ…”

“நான் என்ன?”

அந்த வாக்கியமும் எனக்கு முடியவில்லை.

“நாப்பத்துநாலு வருஷம்ங்க” என்றாள். எழுந்து தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் தளத்துக்குப் போய்விட்டாள். பால்கனி அறையில் இருவருக்கு இடம் உண்டு. என்னைக் கூப்பிடவில்லை.

ஜூன் 5

4017-இல் நான் மட்டும். திரையை விலக்கிப் பார்த்தேன். சுவர்.

ஜூன் 6

செல்லமுத்து ஐஸ்கிரீம் இயந்திரத்தருகே என்னைப் பிடித்துக்கொண்டார். “நம்ம தலைக்கு மேலயாங்கண்ணா தொங்குச்சு? நீங்க சாமிங்க. கடல்ல வீசறேன்னது ஒரு பேச்சுக்குங்க, மனசுல வெச்சுக்காதீங்க.” நடன வகுப்பில் மங்கையைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இடது கையும் வலது காலும் சரியாகவே போயின. என் பக்கம் திரும்பவில்லை. குரு செய்தி அனுப்பியிருந்தான்: ‘பத்திரிகைக்குக் கடைசி நாள் வந்துடுச்சுப்பா.’ பதில் போடவில்லை.

நான்கு மணிக்கு அறைப் பணியாளர் வந்து, ஒன்பதாம் தளத்து அம்மா தேநீருக்குக் கூப்பிடுகிறார் என்றார். சட்டை மாற்றிக்கொண்டு போனேன். பெண் பார்க்கப் போனபோதும் இதே நீலக்கோடு போட்ட சட்டைதான், வேறு துணி.

பால்கனியில் இரண்டு நாற்காலிகள். கடல் கண் கொள்ளாமல் கிடந்தது. பத்து நிமிடம் அதைப் பார்த்தோம். சந்தோஷம் என்ற கட்டத்தை நான் சரியாக நிரப்பவில்லை என்று தோன்றியது.

“எனக்குக் கோவம் இன்னும் போகல” என்றாள். “ஆனா ஒண்ணு. வந்தவன் என் மூஞ்சியைக்கூடப் பாக்கல, விட்டத்தைப் பாத்துட்டுப் போறான்னு அன்னிக்கு அழுதேன்.”

“பார்த்தேனே.”

“எப்ப?”

“மேலே பின் இல்லைன்னு தெரிஞ்சதும், கீழே யார் உக்காந்திருக்காங்கன்னு பார்த்தேன்.”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதுதான் நேரம் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“மங்கை, என்னை…”

“இப்பக் கேக்காதீங்க. பொண்ணு கேக்கணும்னா என் தாய்மாமன்கிட்டப் போயிக் கேளுங்க. கார்டையும் அவர்கிட்ட நீங்களே குடுங்க.”

இன்றிரவும் 4017.

ஜூன் 7

கரை. ரத்த அழுத்தம் 152/90. மறுபடி எடுக்கவில்லை.

ஜூன் 11

நாகப்பட்டினம். தம்பையா மாமாவுக்குத் தொண்ணூற்றொன்று. சாய்வு நாற்காலியில் இருந்தார். காது நன்றாகக் கேட்கிறது. கப்பலில் போய் வந்ததையும் நாங்கள் வருவதையும் மங்கை அவர் வீட்டுக்குப் போனில் சொல்லியிருந்தாள். மங்கையைப் பார்த்ததும், “கப்பல்ல போனியாமே” என்றார், நேற்றுப் பிரிந்தவர் மாதிரி. அவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

வழியில் நான்கு வாக்கியங்கள் தயாரித்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கார்டை எடுத்து நீட்டினேன். “இதை எழுதினது நான். நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல.”

மாமா கார்டைக் கண்ணுக்கு அருகில் வைத்து வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார். அவர் உதடு கோணியது. கோபம் என்று நினைத்து ஓரடி பின்வாங்கினேன்.

“இதுலே பூரா ஃபேனைப் பத்தித்தான் எழுதியிருக்கா?”

“ஆமா.”

“அந்த ஃபேனை மாட்டினவனே நான்தான் மாப்பிள்ளை.”

மங்கை தலையைத் தூக்கினாள்.

“தொறமுகத்துல எலெக்ட்ரிக் வேலைல்ல எனக்கு? அக்கா கேட்டாளேன்னு மாட்டிக் குடுத்தேன். பின்னு கையில இல்ல. நாளைக்கு வந்து போடறேன்னு ஒரு செப்புக் கம்பியைச் சுத்திவிட்டேன். அந்த நாளை வரவேயில்ல. பொண்ணு விசயத்துல பேச்சு முறிஞ்சுபோச்சு. கடுதாசி வந்துது, ஃபேன் விழுந்துடும்னு போட்டிருக்குன்னு சொன்னாங்க. சரி, கண்டுபிடிச்சுட்டானுங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு வந்து சண்டை போடறது?”

செப்புக் கம்பி. பூசணிக்காய் விழாததற்குக் காரணம் தெரிந்துவிட்டது.

“ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க” என்றாள் மங்கை. “ஒரு வார்த்தைடா சாமி. ரெண்டு ஆம்பளையில ஒருத்தன், ஒரே ஒரு வார்த்தை.”

நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். பிறகு மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “சரி மாப்பிள்ளை, வந்த விசயம் இது மட்டுந்தானா?”

“இல்லை மாமா. பொண்ணு கேட்க வந்தேன்.” மங்கையின் பக்கம் திரும்பினேன். குழாய் எதுவும் ஓடவில்லை. “மங்கை, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?”

வாக்கியம் முடிந்துவிட்டது. முடிந்ததில் எனக்கே ஆச்சரியம்.

“என்னம்மா, மாப்பிள்ளை பிடிச்சிருக்கா?” என்றார் மாமா.

“யோசிச்சுச் சொல்றேன் மாமா” என்றாள்.

ஜூன் 12

குரு: “பத்திரிகை அடிக்கலாமாப்பா?”

“அம்மா யோசிக்கிறா.”

“இன்னும் பதினேழு நாள்தாம்ப்பா இருக்கு.”

“நாற்பத்துநாலு வருஷம் காத்திருந்தவ. அவசரப்படுத்தாதே” என்றேன். அவனை நான் அதட்டியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பத்திரிகை இல்லாமலே போனில் எல்லோருக்கும் சொன்னோம்: விருந்து நிச்சயம், கல்யாணம் பெண்ணின் விருப்பம்.

ஜூன் 29

திருக்கடையூர். அபிஷேகம் முடிந்து மண்டபத்துக்கு வந்தோம். பட்டுப்புடவையில் மங்கை மணையில் உட்கார்ந்தாள். யோசித்த முடிவை இன்னும் சொல்லவில்லை. தம்பையா மாமாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவள் கழுத்தில் மாலையைப் போட்டார். இரண்டு தடவை நழுவி மூன்றாவதில் விழுந்தது.

நாகசுரம் உச்சத்துக்குப் போனது. சிவாச்சாரியார் தாலியை என் கையில் கொடுத்தார். குனிந்தேன். மங்கை கையைத் தூக்கித் தடுத்தாள். மேளம் தடுமாறி நின்றது. டாலஸிலிருந்து வந்திருந்த குரு பாதி எழுந்துவிட்டான்.

“முதல்ல மேல பாருங்க” என்றாள்.

பார்த்தேன். எங்களுக்கு நேர் மேலே ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கொக்கி, போல்ட், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நூற்றுப்பத்துப் பேரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பின் இருக்கு” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

மங்கை தாலிக்குத் தலை குனிந்தாள்.